மனைவியின் தீவில் நிலம்: மைத்துனர் பெயரில் வாங்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

தூத்துக்குடியிலிருந்து எழுதியுள்ள வாசகருக்கு வயது 54. சரக்குக் கப்பல்களில் இயந்திரப் பொறியாளராகப் பணியாற்றிவரும் அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருக்கிறார். அவருடைய மனைவி இந்தோனேசியக் குடியுரிமை உள்ளவர். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள நியாஸ் தீவின் மேற்குக் கரைக்கு எதிரே சிதறிக் கிடக்கும் ஹினாக்கோ தீவுகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். 11 ஆண்டுகளுக்கு முன் மேடான் நகரில் தேவாலயத்தில் திருமணம் நடந்து, குடிமைப் பதிவு அலுவலகத்திலும் பதிவாகியிருக்கிறது. சொத்து பற்றி அப்போது ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஏழு ஆண்டுகளாகக் குடும்பம் தூத்துக்குடியில் வசிக்கிறது.

மனைவியின் அண்ணன், கடலை ஒட்டிய தம் தென்னந்தோப்பில் 60 மீட்டர் அகலமும் 140 மீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டை, ஏறக்குறைய இரண்டு ஏக்கரை, 40 கோடி ரூப்பியாவுக்குத் தருவதாகச் சொல்கிறார். இந்தியப் பணத்தில் அது சுமார் 21 லட்சம். வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது என்று கேள்விப்பட்டதால், நிலம் மைத்துனர் பெயரிலேயே இருக்கட்டும், தனியாக ஓர் ஒப்பந்தமும் பவர் பத்திரமும் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்பது வாசகரின் திட்டம். அலைச்சறுக்கு ஆட வரும் வெளிநாட்டவருக்காக நான்கு மர அறைகள் கட்டி, அந்த வருமானத்தில் அங்கேயே குடும்பத்தோடு வாழ நினைக்கிறார். இந்த ஏற்பாடு பாதுகாப்பானதா, அங்கு நிரந்தரமாகத் தங்க முடியுமா, மகளுக்கு அந்த நிலம் போய்ச் சேருமா என்று கேட்டிருக்கிறார். கையிலிருக்கும் ஒரே ஆவணம் 1994-இல் ஊர்த் தலைவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். அதன் படத்தையும் மைத்துனர் வரைந்த வரைபடத்தையும் இணைத்திருக்கிறார். முன்பணம் இந்த மாதமே அனுப்ப வேண்டும் என்று மைத்துனர் கேட்கிறாராம்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் முன்பணத்தை நிறுத்தி வையுங்கள். உங்கள் மைத்துனர் மீது எனக்கு ஐயம் எதுவும் இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்தால், தங்கையும் மருமகளும் ஊர் திரும்ப வேண்டும் என்று மனதார விரும்புகிறவராகவே அவர் தெரிகிறார். ஆனால் நீங்கள் இருவரும் பேசி வைத்திருக்கும் ஏற்பாடு, அவர் நல்லவராகவே கடைசி வரை இருந்தாலும், உங்களுக்கு எந்த உரிமையையும் தராது. உங்கள் குடும்பத்தில் அந்தத் தீவில் நிலம் வைத்திருக்கத் தகுதி உள்ள பெரியவர் ஒருவர்தான். அவர் உங்கள் மனைவி. அவருடைய உரிமையைக் குறைவின்றிச் சீராக்குவது ஒன்றே உங்களுக்கும் மகளுக்கும் வழி. உங்கள் கடிதத்திலோ நிலம் வைத்திருக்கப் போகிறவராக மைத்துனரும், ஆளப் போகிறவராக நீங்களும் வருகிறீர்கள். மனைவி எங்குமே வரவில்லை. அதனால் அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மனைவியின் உரிமை எங்கே நிற்கிறது?

இந்தோனேசிய நிலச் சட்டத்தின் அடித்தளம் 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் வேளாண் அடிப்படைச் சட்டம். முழு உடைமை உரிமையை அங்கே ‘ஹாக் மிலிக்’ என்பார்கள். அந்த உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு என்று அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. இதுவரை நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆனால் ‘மனைவி இந்தோனேசியர் என்பதால் சிக்கல் வந்தால் அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்று நீங்கள் எழுதியிருப்பது இன்றைய நிலையில் சரியல்ல. 1974-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம், 35-ஆம் பிரிவில், திருமணத்துக்குப் பின் சேர்க்கும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது என்கிறது. அப்படியானால் உங்கள் மனைவி வாங்கும் நிலத்தில் பாதி ஒரு வெளிநாட்டவருக்கு உரியதாகிவிடுகிறது. திருமணத்தால் இப்படிக் கலந்துபோகும் நிலத்தை ஓராண்டுக்குள் கைவிட வேண்டும், தவறினால் உரிமை நீங்கி நிலம் அரசைச் சேரும் என்பது அதே 21-ஆம் பிரிவு. உங்களை மணந்ததால் உங்களுக்கு அங்கே நில உரிமை கிடைக்கவில்லை. அவருக்குப் பிறப்பால் இருந்த உரிமையும் பாதியில் நிற்கிறது.

இதற்குத் தீர்வு உண்டு. ஜப்பானியரை மணந்த ஐக்கே ஃபரிதா என்ற இந்தோனேசியப் பெண்மணி, ஜகார்த்தாவில் அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் முழுவதும் கட்டிய பிறகு, திருமணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எழுதவில்லை என்ற காரணத்தால் வீடு மறுக்கப்பட்டு, அரசமைப்பு நீதிமன்றம் வரை சென்றார். அந்த வழக்கில் 2016 அக்டோபரில் வந்த தீர்ப்புக்குப் பின், திருமண ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்னர்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. மணவாழ்வின் எந்தக் கட்டத்திலும் எழுதலாம். உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான தம்பதியருக்கு அந்தத் தீர்ப்பு கதவைத் திறந்துவிட்டது. நீங்களும் உங்கள் மனைவியும் இந்தோனேசிய நோட்டரி ஒருவர் முன்னிலையில் சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் எழுதி, அதைக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் உங்கள் திருமணப் பதிவோடு சேர்த்துக் குறிக்கச் செய்ய வேண்டும். பதிவில் ஏறாத ஒப்பந்தத்தை வைத்து மூன்றாம் நபரிடமோ அரசிடமோ வாதாட முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்குப் பின் வாங்கும் நிலம் முழுக்க முழுக்க உங்கள் மனைவியுடையது. உங்கள் சம்பாத்தியத்தில் வாங்கியிருந்தாலும், நாளை பிரிவு என்று வந்தால், உங்களுக்குப் பங்கு கிடையாது. இதை மனம் ஒப்பி ஏற்க முடியாவிட்டால் இந்த முயற்சியையே விட்டுவிடுவது நல்லது. ஏற்க முடியும் என்றால், ஓய்வுக்காலச் சேமிப்பில் எவ்வளவு தொகை போனாலும் வாழ்க்கை நிலைகுலையாதோ அவ்வளவை மட்டும் இதில் போடுங்கள்.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உங்கள் மனைவி ஏழு ஆண்டுகளாக இந்தியாவில் வசிக்கிறார். இந்தோனேசியாவின் 2006-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பணி போன்ற தக்க காரணமின்றி, தொடர்ந்து ஐந்தாண்டுகள் வெளிநாட்டில் வசிக்கும் குடிமகன், தான் இந்தோனேசியக் குடிமகனாகவே நீடிக்க விரும்புவதாக அந்தக் காலம் முடியும் முன் தூதரகத்தில் அறிவிக்காவிட்டால் குடியுரிமையை இழக்க நேரிடும். உங்கள் மனைவி அவ்வாறு அறிவித்திருக்கிறாரா, இடையில் ஊர் சென்று தங்கியிருக்கிறாரா, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருக்கிறாரா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. தில்லித் தூதரகத்தையோ மும்பைத் துணைத் தூதரகத்தையோ அணுகி, அவருடைய நிலையை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வசதிக்காக அவர் இந்தியக் குடியுரிமை பெறலாம் என்று யாரேனும் ஆலோசனை சொன்னால், அன்றே ஹாக் மிலிக் தகுதி முடிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மைத்துனர் பெயரில் வாங்குவது

நம் ஊரில் பினாமி என்கிறோமே, நீங்கள் திட்டமிட்டிருப்பது அதுதான். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது: நிலத்தின் உடைமையை நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்குக் கொண்டுசேர்க்கும் விற்பனை, பரிமாற்றம், கொடை, உயில் என எந்தச் செயலும் செல்லாது; நிலம் அரசைச் சேரும்; கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. கடைசிப் பகுதியைத் திரும்பப் படியுங்கள். உங்கள் தனி ஒப்பந்தமும் பவர் பத்திரமும் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது. அவையே, நீங்கள் சட்டத்தைச் சுற்றி வந்தீர்கள் என்பதற்கு உங்கள் கையெழுத்தோடு கூடிய சான்றாகிவிடும். நிலத்தை இழப்பது உங்கள் மைத்துனரும்தான்.

‘அண்ணன் அப்படியெல்லாம் செய்ய மாட்டார்’ என்று மனைவி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதை நம்புகிறேன். ஆனால் அண்ணனுக்கு மனைவி மக்கள் உண்டு. அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் நிலம் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். கடன் இருந்தால் கடன்காரர் கேட்பார். பவர் பத்திரமோ, கொடுத்தவர் காலமானதும் முடிந்துவிடும். இந்தியாவிலும் ஒரு முரண்பாட்டில் சிக்கிக்கொள்வீர்கள். ஓய்வுக்குப் பின் இங்கே வசிப்பவராகக் கணக்கிடப்படும் ஆண்டில், வெளிநாட்டில் உங்களுக்குப் பயன்தரும் சொத்தை, பிறர் பெயரில் இருந்தாலும், வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் தண்டம் வரலாம். அங்கே செல்லாது என்று சட்டம் சொல்லும் ஓர் உரிமையை, இங்கே உங்களுடையது என்று எழுதிக் கொடுக்கும் நிலை வரும்.

1994-இன் கடிதமும் 2005-இல் எழுந்த நிலமும்

நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பொறுமையாகப் படித்தேன். தட்டச்சு செய்த ஒரு தாள்; ஊர்த் தலைவரின் முத்திரை, இரண்டு சாட்சிகள். எல்லைகள் நான்கு வரிகளில் இருக்கின்றன. கிழக்கே ஊர்ப் பாதை, வடக்கிலும் தெற்கிலும் உறவினர்களின் தென்னந்தோப்புகள், மேற்கே ‘லாவுத்’, அதாவது கடல். பாதையிலிருந்து கடல் வரை நீளம் 70 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. உங்கள் மைத்துனர் இப்போது வரைந்து அனுப்பிய படத்திலோ அதே பாதையிலிருந்து கடல் வரை 140 மீட்டர். இருவரும் பொய் சொல்லவில்லை. இடையில் 2005 மார்ச் 28 வந்து போயிருக்கிறது.

அன்றிரவு நிகழ்ந்த 8.6 அளவு நிலநடுக்கத்தில் நியாஸின் மேற்குக் கரையில் சில இடங்கள் ஏறக்குறைய மூன்று மீட்டர் வரை உயர்ந்தன. கடலடியில் இருந்த பவளப் பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்ததை அப்போது ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்தார்கள். உங்கள் மைத்துனர் தென்னங்கன்று நட்டு வைத்திருக்கும் அந்த முன்பகுதி, நீங்கள் எழுதியபடி கால் வைத்தால் நொறுங்கும் வெள்ளைக் கற்கள் நிறைந்த பகுதி, அப்படி எழுந்த கடலடிதான். மேற்கெல்லை கடல் என்று தாள் சொல்வதால் கடல் எங்கே போனாலும் நிலம் அங்கே வரை நீளும் என்று அவர் நினைப்பது இயல்பானது. கரையோர மக்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிக் கருதவில்லை. கடலோரத்தில் புதிதாக எழும் நிலம் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ளது என்று 2004-ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு விதி கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் அமைச்சக விதி, 100 சதுர மீட்டருக்கு மிகாத சிறு துண்டை மட்டும் ஒட்டிய நிலத்துக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறது. உங்கள் வரைபடத்தில் எழுந்த நிலம் 4,200 சதுர மீட்டர். நம் ஊர் வழக்கில் சொன்னால் அது புறம்போக்கு. மைத்துனர் விற்பதாகச் சொல்லும் இரண்டு ஏக்கரில் ஓர் ஏக்கர் அவருடையதே அல்ல.

மீதி ஓர் ஏக்கரிலும் விருப்பம்போல் கட்ட முடியாது. 2016-ஆம் ஆண்டின் 51-ஆம் எண் குடியரசுத் தலைவர் ஒழுங்குவிதி, கடலோரக் காப்புப் பட்டையை, மிக உயர்ந்த ஓதம் தொடும் இடத்திலிருந்து நிலத்தை நோக்கிக் குறைந்தது 100 மீட்டர் என்று வகுத்திருக்கிறது. அப்படிக் கணக்கிட்டால் எழுந்த நிலம் 70 மீட்டரோடு பழைய நிலத்தின் முதல் 30 மீட்டரும் காப்புப் பட்டைக்குள் வருகிறது. ஊர்ப் பாதையை ஒட்டிய 40 மீட்டர் ஆழமே, ஏறத்தாழ 2,400 சதுர மீட்டரே, வீடு கட்ட மிஞ்சும். கடலைப் பார்த்த நான்கு அறைகள் என்று நீங்கள் வரைந்திருக்கும் நான்கும் கட்டக் கூடாத இடத்தில் நிற்கின்றன. 40 கோடி ரூப்பியா என்ற விலையை இந்தக் கணக்கை வைத்து மறுபடி பேச வேண்டும்.

இதே நிலநடுக்கம் வேறிடத்தில் நேர்மாறாக வேலை செய்தது. நியாஸுக்கு வடக்கே உள்ள பாஞாக் தீவுகளில் சில ஊர்கள் தாழ்ந்து கடல்நீர் புகுந்தது. நிலம் அழிந்துபோனால் அதன் மீதான உடைமை உரிமையும் முடிந்துபோகும் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. எழுந்தால் அரசுக்கு, மூழ்கினால் யாருக்கும் இல்லை. இதை அறிந்தே இந்தக் கரையில் பணத்தைப் போட வேண்டும்.

இனி அந்தத் தாளின் மதிப்பு. ஊர்த் தலைவரின் கடிதம், இன்னார் இந்த நிலத்தை அனுபவித்து வருகிறார் என்பதற்குச் சான்று, உடைமைப் பத்திரமாகாது. எழுத்து வடிவிலான பழைய வழக்காற்று ஆவணங்களை ஐந்தாண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றும், அதன்பின் அவை உரிமைச் சான்றாகக் கொள்ளப்படாமல் வெறும் வழிகாட்டிக் குறிப்பாகவே கருதப்படும் என்றும் 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 18-ஆம் எண் அரசாணை கூறுகிறது. ஆகவே, நில அலுவலகம் அளந்து வழங்கும் ‘சர்டிஃபிகாட்’ இல்லாத நிலத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். அதை முதலில் மைத்துனரே தம் பெயரில் வாங்க வேண்டும். 2017 முதல் அரசு ஊர் ஊராக நடத்திவரும் முழுமைப் பதிவுத் திட்டத்தில் அந்த ஊர் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் செலவு வெகுவாகக் குறையும். அந்த இடம் அரசு வரைபடத்தில் காட்டுப் பகுதி என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னை வளர்க்கும் இடங்கள்கூட ஆவணத்தில் காடாக இருப்பது இந்தோனேசியாவில் அரிதல்ல.

அப்படிப் பதியும்போது வாரிசுக் கேள்வி எழும். தோப்பு உங்கள் மாமனாருடையது, அவர் காலமாகிவிட்டார் என்கிறீர்கள். நியாஸ் வழக்கப்படி நிலம் ஆண் மக்களுக்கே போகும். அந்த வழக்கத்தைப் பின்பற்றித்தான் மைத்துனர் தனியாக விலை பேசுகிறார். ஆனால் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம், சுமத்ராவின் காரோ மக்களிடையே எழுந்த வழக்கில், 1961-லேயே பெண் மக்களுக்கும் வாரிசுரிமை உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது. உடன்பிறந்த எல்லோரும், பெண்கள் உட்பட, கையெழுத்திட்டால்தான் பின்னாளில் வழக்கு வராது. உங்கள் மனைவியும் அந்தப் பெண் மக்களில் ஒருவர் என்பது உங்களுக்குத் தோன்றவில்லையா? வாரிசாகவோ கொடையாகவோ வரும் சொத்து, திருமணச் சட்டத்தின் அதே 35-ஆம் பிரிவின்படி, அவரவர் தனிச் சொத்து. அண்ணன் மனம் வைத்து, ஒரு பகுதியைத் தங்கையின் பங்காக ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால், விலை கொடுத்து வாங்குவதைவிட அது உறுதியான வழி. இதை நீங்கள் கேட்கக் கூடாது. உங்கள் மனைவி, அவருக்கு விருப்பம் இருந்தால், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கேட்க வேண்டும்.

குத்தகையும் மற்ற வழிகளும்

உங்கள் சொந்தப் பெயரில்தான் ஏதேனும் வேண்டும் என்றால், சட்டம் தரும் உரிமை ‘ஹாக் பாகாய்’ எனப்படும் பயன்பாட்டு உரிமை. அரசு நிலத்தில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30 என்று அது போகும். ஆனால் அதற்குத் தங்கும் அனுமதி வேண்டும், பரப்பு வரம்பு உண்டு, மாகாணவாரியாகக் குறைந்தபட்ச வீட்டு விலையும் உண்டு. நகரத்து வீடுகளை எண்ணி வைத்த அந்த விலையை ஒரு தீவு வீடு எட்டாது. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கலாம் என்று முகவர்கள் சொல்வார்கள். அதற்கு நிலமும் கட்டடமும் நீங்கலாக 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல், அதாவது ஐந்து கோடி இந்திய ரூபாய்க்கு மேல், முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். நான்கு அறைகளுக்கு இது பொருந்தாது.

நான் பரிந்துரைப்பது, முதல் சில ஆண்டுகளுக்குக் குத்தகை. ஊர்ப் பாதையை ஒட்டிய அந்த 40 மீட்டர் ஆழத்தை மட்டும், சர்டிஃபிகாட் வந்த பிறகு, நோட்டரி முன்னிலையில் எழுதி, உங்கள் மனைவி பெயரில் அண்ணனிடமிருந்து குத்தகைக்கு எடுங்கள். நிலம் கைமாறினாலும் குத்தகை முறியாது என்பது இந்தோனேசியக் குடிமைச் சட்டத்தின் 1576-ஆம் பிரிவு. விடுதித் தொழிலையும் மனைவியே குறுந்தொழிலாகத் தம் பெயரில் பதிவு செய்யலாம். அங்கே வாழ்வது உங்கள் மூவருக்கும் ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு, குத்தகை நிலத்தை மனைவி விலைக்கு வாங்கட்டும். அப்போது நிலப் பத்திர அலுவலர் முன்னிலையில் விற்பனைப் பத்திரம் எழுத வேண்டும். வாங்குபவர் தரப்பில் 5 விழுக்காடு வரையும், விற்பவர் தரப்பில் 2.5 விழுக்காடும் வரி உண்டு. இதை விலை பேசும்போதே யார் கட்டுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அங்கே தங்குவதும் வாழ்வதும்

தங்கும் அனுமதியைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டப்படி, இந்தோனேசியரை மணந்து இரண்டு ஆண்டுகள் கடந்தவருக்கு நிரந்தரத் தங்கும் அனுமதி கிடைக்க வழி உண்டு, மனைவிதான் பொறுப்பாளர். குடும்பத்தைக் காக்க வேலையோ தொழிலோ செய்யவும் 61-ஆம் பிரிவு இடம் தருகிறது. திருமணம் பத்தாண்டுகளைக் கடந்திருப்பதால், மணமுறிவு ஏற்பட்டாலும் அனுமதி தானாக நீங்காது.

சட்டத்துக்கு அப்பால் நான் கவலைப்படுவது மருத்துவத்தைப் பற்றி. உங்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தீவில் நெஞ்சு வலி வந்தால், முதலில் படகில் சிரோம்புக் கரைக்கு வர வேண்டும். அங்கிருந்து நியாஸ் தீவைக் குறுக்காகக் கடந்து கிழக்குக் கரையில் உள்ள குனுங்சித்தோலிக்குச் சாலையில் போக வேண்டும். அங்கும் முடியாது என்றால் விமானத்தில் மேடான். கடல் சீறும் நாளில் முதல் படகே கிளம்பாது. 34 ஆண்டுகள் கடலில் கழித்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் கப்பலில் நோயாளியை இறக்க ஏற்பாடு செய்ய ஒரு நிறுவனம் இருந்தது. தீவில் உங்கள் மைத்துனரின் படகுதான் இருக்கும். மலேரியாவும் அந்தப் பக்கத்தில் உள்ள நோய்தான். பவளத் தீவுகளில் நன்னீர் மெல்லிய படலமாகக் கடல்நீருக்கு மேல் மிதப்பதால், நான்கு அறை விருந்தினருக்கும் சேர்த்துக் கிணற்றை இறைத்தால் ஊர்க் கிணறுகளே உப்பேறிவிடும். மழைநீர்த் தொட்டி கட்டாயம். அலைச்சறுக்கு விருந்தினர் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை, தெற்கிலிருந்து பேரலைகள் வரும் காலத்தில்தான் வருவார்கள். ஆண்டு முழுவதும் அறை நிரம்பும் என்ற உங்கள் வருமானக் கணக்கைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுவாருங்கள்.

நிலநடுக்கம் மீண்டும் வரும் பகுதி அது. 1861-இலும் நியாஸில் பெரும் நிலநடுக்கம் பதிவாகியிருக்கிறது. 2004-இன் ஆழிப்பேரலை சிரோம்புக் கரையைத் தாக்கியது. நீங்கள் மர அறைகளைத் தேர்ந்தது சரியான முடிவு. 2005-இல் நியாஸில் கான்கிரீட் கட்டடங்கள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, மண்ணில் புதைக்காமல் கற்கள் மேல் நிறுத்திய தூண்களும், அவற்றுக்கு இடையே சாய்வாக முட்டுக்கொடுத்த மரங்களும் கொண்ட பழைய மரபு வீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. உள்ளூர்த் தச்சர்களிடம் அந்த முறை தெரிந்தவர் இருந்தால் அவரையே தேடிப் பிடியுங்கள்.

மகளைப் பற்றி

அவளுக்கு நிலம் போய்ச் சேர அவள் இந்தோனேசியக் குடிமகளாக இருக்க வேண்டும். இந்தோனேசியச் சட்டம், கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு 18 வயது வரை இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொண்டு, அதன்பின் மூன்று ஆண்டுகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. இந்தியச் சட்டமோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அவளிடம் இந்தியப் பாஸ்போர்ட் மட்டும் இருக்கிறதா, இந்தோனேசியத் தூதரகத்தில் பதிவும் உண்டா என்பதை எனக்கு எழுதுங்கள். விடை அதைப் பொறுத்து மாறும். அவள் இந்தியராக இருந்து, உங்கள் மனைவி உங்களுக்கு முன் காலமானால், உங்கள் இருவருக்கும் கிடைப்பது நிலத்தை விற்றுத் தீர்க்க ஓராண்டு அவகாசம் மட்டுமே. ஆனாலும் ஒரு தென்னந்தோப்புக்காக அவளுடைய குடியுரிமையை நீங்கள் இப்போதே முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான்காம் வகுப்பில் படிக்கும் பிள்ளை, தமிழில் எழுதவும் படிக்கவும் கற்றவள், இனி இந்தோனேசிய மொழியில் பாடம் படிக்க வேண்டும். மேல்வகுப்புக்குத் தீவை விட்டு வெளியே தங்க வேண்டியும் வரும். அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

இனி செய்ய வேண்டியவை

முதலில் தூதரகத்தில் மனைவியின் குடியுரிமை நிலையை உறுதி செய்யுங்கள். அடுத்து, விடுமுறையில் மூவருமாகப் போய், மேடானிலோ குனுங்சித்தோலியிலோ நோட்டரி முன் திருமண ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். அதே பயணத்தில், அலை அமைதியான மாதத்தில் அல்லாமல், கடல் கொந்தளிக்கும் பருவத்தில் தீவில் சில வாரங்கள் தங்கிப் பாருங்கள். மைத்துனர் சர்டிஃபிகாட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். அளவையாளர் வரும்போது பழைய கடற்கரைக் கோட்டைக் காட்டி, எழுந்த நிலத்தை விட்டுவிட்டு அளக்கச் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து பணம் அனுப்பும்போது ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள், உண்மையான காரணத்தைக் குறிப்பிட்டு வங்கி வழியாகவே அனுப்புங்கள். கப்பல் நண்பர்கள் மூலம் ரொக்கமாகக் கொடுத்தனுப்பலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

மைத்துனருக்கு இன்றே ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்பது புரிகிறது. பணம் இல்லை என்று பொய்க் காரணம் சொல்ல வேண்டாம். பினாமியாக எழுதினால் அவருடைய நிலமும் அரசுக்குப் போகும், அதனால்தான் தாமதிக்கிறேன் என்று உங்கள் மனைவி வாயிலாக விளக்குங்கள். சர்டிஃபிகாட் வாங்கும் செலவை நீங்கள் ஏற்பதாகச் சொல்லலாம். அது சிறிய தொகை, நிலம் கைக்கு வராவிட்டாலும் அவர் குடும்பத்துக்குப் பயன்படும். தூதரகத்தின் பதிலும் மகளின் ஆவண விவரமும் கிடைத்ததும் மறுபடி எழுதுங்கள். திருமண ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டிய விதிகளை அவற்றை வைத்துத்தான் வகுக்க வேண்டும்.